பார்க்காமல் பியானோ வாங்கலாமா? ஒரு ட்யூனரிடம் சில கேள்விகள்

நான் சென்னையில் பியானோ ட்யூனிங்கும் ரிப்பேரும் பார்க்கிறவன். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. "வேறு ஊரில் பழைய பியானோ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன், வாங்கலாமா சொல்லுங்கள்" என்று மாதம் நாலைந்து போனாவது வந்துவிடும். போட்டோவில் பாலிஷ் தெரியும், அதற்கு மேல் என்ன சொல்வது? அதனால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவையும் என் பதில்களும் கீழே.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், மகள் டிரினிட்டி இசைத் தேர்வில் நாலாவது கிரேடு முடித்திருக்கிறாள். இதுவரை கீபோர்டில்தான் பழகினாள். பெங்களூரில் ஒருவர் யமஹா யு1 அப்ரைட் (நிமிர்ந்து நிற்கிற வகை) பியானோ விற்கிறார். ஜப்பானிலிருந்து வந்ததாம், 2005 மாடலாம். எனக்குப் போய்ப் பார்க்க லீவு கிடைக்காது. வீடியோவில் நன்றாகத்தான் கேட்கிறது. அட்வான்ஸ் போட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்குப் போடாதீர்கள். நீங்கள் பார்க்காமல் வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர்கூடப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெங்களூரில் ட்யூனர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகளின் டீச்சரிடம் சொல்லி அங்கே ஒருவரைப் பிடியுங்கள். விற்கிறவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். ஒரு விசிட்டுக்கு அவர் கேட்கும் காசைக் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை 15 முதல் 20 டன் வரை. அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஒவ்வொரு கம்பியின் நுனியும் ஒரு ட்யூனிங் பின்னில் சுற்றியிருக்கும். அந்தப் பின்கள் இறங்கியிருப்பது பின் பிளாக் என்கிற, பல அடுக்கு ஒட்டிய மரப்பலகையில். அந்தப் பலகை வெடித்தோ தளர்ந்தோ போயிருந்தால் இன்றைக்குச் சுருதி சேர்ப்பேன், அடுத்த வாரம் இறங்கியிருக்கும். இது எந்த வீடியோவிலும் தெரியாது. ட்யூனிங் சாவியைப் பின்னில் போட்டுத் திருப்பிப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும்.

அதற்கு முன் காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம். மேல் மூடியைத் தூக்கி, இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சீரியல் நம்பரையும் மாடல் பெயரையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் "யு1" போதாது, பின்னால் வரும் எழுத்தும் வேண்டும். ஜப்பானில் செய்த யமஹாவில் 7 இலக்க எண் 30 லட்சத்தை ஒட்டியிருந்தால் ஏறத்தாழ 1980-இல் செய்தது. எந்த எண் எந்த வருடம் என்று யமஹாவே பட்டியல் வெளியிட்டிருக்கிறது. படம் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (மதுரை): வாட்ஸப் வீடியோ காலில் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சுரமும் டொக் டொக்கென்று சட்டென நின்றுவிடுகிறது. பியானோவில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் போனில்தான் கோளாறு. வீடியோ கால் மனிதக் குரலுக்காகச் செய்தது. பியானோ சுரம் தேய்ந்து அடங்கும் அந்த நீண்ட வாலை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவாக்கியும் விடும். ஆகவே வீடியோ கால் கண்ணுக்கு, பதிவு செய்த வீடியோ காதுக்கு. பதிவையும் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் அதை நசுக்கிவிடும்.

பாட்டு வாசித்துக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். நன்றாக வாசிக்கிறவர் உடைந்த கட்டைகளைத் தொடாமலே ஒரு பாட்டை முடித்துவிடுவார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 88 கட்டைகளையும், கறுப்பு வெள்ளை விடாமல், ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். முதலில் மெதுவாக, அப்புறம் ஓங்கி. ஒரே கட்டையை வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்லுங்கள், உள்ளே கம்பியை அடிக்கும் சுத்தியல் திரும்பி வரத் தாமதித்தால் அங்கே தெரிந்துவிடும். கை எடுத்ததும் சத்தம் நிற்கிறதா என்றும் கேளுங்கள். ஆனால் வலது ஓரத்தில் கடைசி 20 கட்டைகள் வாக்கில், சத்தத்தை அமுக்கி நிறுத்தும் டேம்பரே கிடையாது, கை எடுத்தாலும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அதைக் கோளாறு என்று சொல்லி விற்கிறவரோடு சண்டை போட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும்.

போனில் ட்யூனர் ஆப் இருந்தால் இடமிருந்து 49-ஆவது கட்டையை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 435 என்றால் கவலை வேண்டாம். 415-ஐ ஒட்டி இருந்தால் அரை சுரம் இறங்கிக் கிடக்கிறது, பல வருடம் யாரும் தொடவில்லை. மேலே இழுக்கலாம். ஆனால் துருப்பிடித்த கம்பி என்றால் இழுக்கும்போது அறுந்து போகும்.

இன்னொன்று, இதை அதிகம் பேர் செய்வதில்லை: அதே மாதிரி வீடியோவைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றாக இருந்தால் சத்தம் நேராக வரும், ஒன்று இறங்கினால் அலையடிக்கும். முதல் வீடியோவில் நேராக இருந்தது இரண்டாவதில் அலையடித்தால், வீடியோவுக்காக அவசரமாக ட்யூன் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ட்யூனிங் பின்கள் தளர்ந்ததாகவும் இருக்கலாம், ரொம்ப இறங்கிக் கிடந்ததை ஒரே நாளில் ஏற்றியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் விலை பேச அது உங்கள் பக்கம்.

கேள்வி (சேலம்): பியானோ டீச்சரே போய்ப் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். போதாதா?

பதில்: கட்டை கனமா லேசா, ஒலி இனிமையா என்று டீச்சர் சொல்வார், என்னைவிட நன்றாகவே சொல்வார். உள்ளே திறந்து பார்த்தாரா? கார் நன்றாக ஓடுகிறது என்று டிரைவர் சொல்லலாம், எஞ்சினை மெக்கானிக்தானே பார்க்க வேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி): எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் இருக்கிறது, வீடு கடற்கரைப் பக்கம். நான் இப்போது துபாயில் இருக்கிறேன். தம்பியை அனுப்பப் போகிறேன், அவனுக்கு இசையே தெரியாது. என்ன பார்க்கச் சொல்வது?

பதில்: இசை தெரிய வேண்டியதில்லை. டார்ச் லைட் ஒன்று கொடுத்து அனுப்புங்கள்.

மேல் மூடியைத் திறந்து வலது பக்கக் கம்பிகளில் வெளிச்சம் அடிக்கட்டும். உப்புக் காற்று முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். மேலோட்டமாக மங்கியிருப்பது வேறு, செம்பழுப்பாகப் பொரிந்து நிற்பது வேறு. பின்களைக் கிட்டத்தில் படமெடுக்கட்டும். கம்பிச் சுற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சுற்று சட்டத்தை முட்டிக்கொண்டிருந்தால் தளர்ந்த பின்களை யாரோ சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். சில பின்கள் மட்டும் தடிமனாகப் பளபளவென்று இருந்தால் அவை பிற்பாடு மாற்றியவை. எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

பிறகு, முழங்கால் பக்கம் இருக்கும் கீழ்ப் பலகையைக் கழற்ற வேண்டும். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு தகட்டு ஸ்பிரிங்தான், மேலே தள்ளினால் வந்துவிடும். உண்மை அங்கே உட்கார்ந்திருக்கும். எலிப் புழுக்கை, கரையான் மண், அந்துப்பூச்சி அரித்த கம்பளித் தூள். ஒரு முறை நான் திறந்தபோது சிவப்புக் கம்பளித் துணியையும் கிரேடு தேர்வு சிலபஸ் தாளையும் சேர்த்துக் கடித்து எலி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. பெடல் கம்பியின் துரு, தரைப் பலகையில் தண்ணீர் நின்ற கறை, இவையும் படத்தில் வரட்டும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், நகர்த்திச் சவுண்ட் போர்டை, அதாவது ஒலியைப் பெருக்கும் மரப்பலகையை, பார்க்க வேண்டும். அதில் மெல்லிய வெடிப்பு ஒன்றிரண்டு இருந்தாலே வேண்டாம் என்று ஓடாதீர்கள். ஓங்கி அடிக்கும்போது அது கரகரக்கிறதா என்பதுதான் கேள்வி. இரும்புச் சட்டத்தில் வெடிப்பு என்றால் மட்டும் மறுபேச்சு வேண்டாம், தம்பியைத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

கேள்வி (குன்னூர் பியானோ, கேட்டவர் சென்னை): குன்னூரில் பழைய பங்களாவில் இருந்த லண்டன் பியானோ. மெழுகுவர்த்தித் தாங்கி இரண்டு, முன்னால் மரச் செதுக்கல். மயக்கமாக இருக்கிறது. கட்டைகள் தந்தம் என்கிறார்கள்.

பதில்: மயக்கம்தான் ஆபத்து. முன் பலகையை எடுத்துவிட்டுப் படம் கேளுங்கள். சுத்தியல்களுக்கு மேலே டேம்பர்களும் அவற்றை இயக்கும் மெல்லிய கம்பிகள் முன்னால் வரிசையாகவும் நின்றால், அதைத்தான் பறவைக் கூண்டு என்போம். சத்தத்தைச் சரியாக நிறுத்தாது, ட்யூன் செய்யச் சாவி நுழைக்கவே திண்டாட்டம், பாகம் கிடைக்காது. பல பழைய பியானோக்கள் 440 வரை ஏறவும் ஏறாது. பிள்ளை பழக என்றால் வேண்டாம். ஹாலில் அழகுக்கு என்றால் அது வேறு கணக்கு.

தந்தம் பற்றி: வெள்ளைக் கட்டையின் மேல் தகடு முன் அகலமும் பின் வாலுமாக இரண்டு துண்டாக, நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடோடு இருந்தால் தந்தமாக இருக்கலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தைத் தடை செய்கின்றன. "பழசுதானே" என்று விற்கிறவர் சொல்வதை நம்பிக் கை வைக்காதீர்கள். வனத்துறையில் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (டொரோண்டோ): அண்ணா, எனக்கு ஒரு மெயில் வந்தது. காலமான கணவரின் யமஹா பேபி கிராண்டை இசை தெரிந்த ஒருவருக்கு இலவசமாகக் கொடுக்க விரும்புகிறாராம் ஓர் அம்மா. கொண்டுவரும் செலவை மட்டும் லாரிக் கம்பெனிக்கு நான் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம்.

பதில்: பியானோவும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. வட அமெரிக்காவில் பல வருடமாகச் சுற்றும் மோசடி இது. லாரிக் கம்பெனியும் அதே ஆள்தான்.

உங்கள் ஊரில் நிஜமான இலவசப் பியானோக்களும் நிறைய உண்டு. அவற்றிலும் கவனம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடு காய்ந்து போவதால் பின் பிளாக் சுருங்கித் தளர்ந்திருக்கும். தூக்கிவரும் கூலி, ட்யூனிங், கடைசியில் அதை அப்புறப்படுத்தும் கூலி என்று கூட்டினால் இலவசம் எங்கே போனது என்று தெரியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, கொழும்பில ஒரு கவாய் அப்ரைட் பேசி முடிச்சாச்சு, ஆள் வைச்சுப் பார்த்தும் ஆச்சு. லொறியில கொண்டு வாறதுக்கு என்ன கவனிக்க வேணும்?

பதில்: தம்பி, அரைக் கிணறு தாண்டிவிட்டீர்கள், மீதியிலும் நிதானம். அப்ரைட் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். பியானோ தூக்கிப் பழகிய ஆட்கள் வேண்டும். முன் கால்கள் இரண்டும் பார்வைக்குத்தான், அவற்றில் கனத்தை விட்டால் முறிந்துவிடும். நிமிர்ந்த நிலையிலேயே லொறியின் முன்சுவரோடு சாய்த்துக் கட்ட வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. கம்பளியால் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாய். மழைக் காலமென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுவதில் நட்டமில்லை. வந்து இறங்கிய அன்றே ட்யூனரைக் கூப்பிடாதீர்கள். மரம் புதுக் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். வெயில் விழும் ஜன்னலும், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

கேள்வி (திருச்சி): ஜப்பானிலிருந்து வந்த பழைய டிஜிட்டல் பியானோ மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். டிஜிட்டலில் கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடர்புகள் தேய்ந்து சில கட்டைகள் திடீரென அலறும், சில ஊமையாகும். அந்த மாடலுக்கு இந்தத் தொடர்புகளுக்கான சர்க்யூட் போர்டு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் மலிவு மலிவே இல்லை.

கேள்வி (மறுபடி கோயம்புத்தூர்): சார், படம் வந்துவிட்டது. யு1 ஹெச் என்று இருக்கிறது, எண் 25 லட்சத்துச் சொச்சம். ட்யூனரும் போய்ப் பார்த்தார். பின்கள் எல்லாம் இறுக்கமாம், துரு இல்லையாம். சுத்தியல்களில் கம்பித் தடம் ஆழமாக விழுந்திருக்கிறதாம், நாலு டேம்பரில் அந்து அரித்திருக்கிறதாம். பொய் சொன்ன ஆளிடம் வாங்கலாமா?

பதில்: யு1 ஹெச் 1980 வாக்கிலேயே நின்றுபோன மாடல். உங்கள் எண்ணைப் பார்த்தால் 1970-களின் பிற்பாதி. 2005 என்பது இந்தியாவுக்கு வந்து இறங்கிய வருடமாக இருக்கலாம், அவரையே அப்படி யாராவது ஏமாற்றியும் இருக்கலாம். ஆளை விடுங்கள், பியானோவைப் பாருங்கள். பின்கள் இறுக்கம் என்று கையால் பார்த்த ஒருவர் சொல்லிவிட்டார், எனக்கு அதுதான் பெரிய விஷயம். சுத்தியலைச் சீவி வடிவம் கொண்டுவரலாம், ஆனால் கம்பளி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ஒரு முறை சீவத்தான் இடம் இருக்கிறது என்றால், பிறகு ஒரு நாள் மொத்த செட்டும் மாற்ற வேண்டியிருக்கும். நாலு டேம்பர் சின்ன வேலை. விலையை 2005-க்குப் பேசாதீர்கள், 1970-களுக்குப் பேசுங்கள். பாதியை முன்பணமாகவும் மீதியை உங்கள் வீட்டில் இறக்கி 88 கட்டையும் அடித்துப் பார்த்த பிறகும் தருவதாகச் சொல்லுங்கள்.

எத்தனையாவது மாடி என்று நீங்கள் எழுதவில்லை. யு1 அகலம் 153 செ.மீ., உயரம் 121. வாசல் பிரச்சினை இல்லை, ஆழம் 60 செ.மீ. சொச்சம்தான். மாடிப்படி திரும்புகிற இடத்தையும் லிஃப்டின் உள்ளளவையும் இன்றைக்கே டேப் வைத்து அளந்து பாருங்கள்.