மூன்றாம் எண் அறை வாசலில் ஒரு பூனைக்குட்டி

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 57 வயது. வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறோம். (சென்னையில் இருப்பது வேறு, எங்கள் ஊரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு.) கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் நான்கு அறைகள். ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வருகிறவர்களுக்கு விடுகிறோம். அறைக்கு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, நாலைந்து பாத்திரம். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்து காட்பாடியில் இறங்குவார்கள். பத்து நாளில் போகிறவர்களும் உண்டு, மூன்று மாதம் இருக்கிறவர்களும் உண்டு. இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. அரைகுறை இந்தியில் வாடகை பேசுவேன், வங்காளத்தில் மீனும் தண்ணீரும் சொல்லத் தெரியும்.

ஐப்பசியில் மூன்றாம் எண் அறைக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவருக்கு இதய அறுவை சிகிச்சை. உடன் மகனும் மருமகளும். அதே சமயம் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அப்படி ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது, கடைசிக் குட்டிக்குத் திரும்பி வரவில்லை. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அந்த மருமகள்தான் அதை எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் பால் விட்டு, பிறகு வேகவைத்த மீனை விரலால் மசித்து ஊட்டி வளர்த்தாள். மினி என்று பெயர் வைத்தாள்.

கார்த்திகைக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார்கள். பெரியவர் நன்றாகத் தேறிவிட்டார். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளுக்கு மேலாக மின்சார மீட்டரைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றிலிருந்து குட்டி மூன்றாம் எண் அறை வாசலில் உட்கார்ந்து கத்துகிறது. வாயை முழுக்கத் திறந்து 'ஈ' என்று இழுக்கும். கடைசியில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வரும். அந்த அறையில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். மகளுக்குப் புற்றுநோய் மருந்து ஏறுகிறது. இரவில் அவள் தூங்குவதே இரண்டு மணி நேரம். "பூனை, அம்மா…" என்று அந்தத் தாய் கைகூப்பியபோது எனக்கு நிலத்தில் புதையலாம் போல் இருந்தது.

கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். நான் சமையலறைக்குப் போனால் கத்தல், குளிக்கப் போனால் கத்தல். மடியில் வைத்தால் முன்னங்காலால் வயிற்றைப் பிசைந்துகொண்டு முந்தானை நுனியைச் சப்பும். இறக்கிவிட்டால் மறுபடியும் ஆரம்பம். பால் வைக்கிறேன், குடித்துவிட்டுக் கத்துகிறது. இரண்டு நாளாக வயிறும் இளகிப் போகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு தரம், நான்கு மணிக்கு ஒரு தரம். என் வீட்டுக்காரர் காது மெஷினைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

சென்னையிலிருந்து மகன், "கத்தட்டும் விடு அம்மா, போய்ப் போய்த் தூக்கினால் அதுவே பழக்கமாகிவிடும், நாலு நாளில் அடங்கும்" என்கிறான். எதிர்வீட்டு அம்மாவோ, பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது, அதுவும் நோயாளிகள் இருக்கிற வீட்டுக்கு, என்கிறார். மகன் பேச்சைக் கேட்டு இரண்டு இரவு குளியலறையில் அடைத்துப் பார்த்தேன். முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள், பத்து மணிக்கு அடைத்தவள் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிறு காலை குட்டியை ஒரு கட்டைப்பையில் போட்டு, ஆட்டோ பிடித்து மீன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் பையைச் சாய்த்து வாயைத் திறந்துவிட்டேன். அது இறங்கவில்லை. பையின் மூலையில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. கத்தவும் இல்லை. பன்னிரண்டு நாளில் அது சத்தமில்லாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அன்று மாலையே அந்தப் பெண் போன் செய்து மினி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

தூக்குவது தப்பா? இந்தக் கத்தல் நிற்குமா? இன்னொன்றும் கேட்கிறேன். இந்த மாடியிலிருந்து நான்கு பேர் ஊருக்குப் பெட்டியில் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஆக வேண்டிய வேலையைப் பார்த்தேன், உட்கார்ந்து அழுததில்லை. உள்ளங்கை அளவு ஜீவன் கத்துவதைத் தாங்க முடியாமல் இப்போது நடுராத்திரியில் அழுகிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

– பெயர் வேண்டாம், வேலூர்

அன்புள்ள அக்கா,

தூக்குங்கள். தப்பே இல்லை.

உங்கள் மகன் சொல்வது, வயிறு நிறைந்து, வீடும் ஆளும் பழகி, வேடிக்கைக்காகக் கதவைப் பிறாண்டும் வளர்ந்த பூனைக்கு ஓரளவு பொருந்தும். இரண்டரை மாதக் குட்டிக்கு, அதுவும் பன்னிரண்டு நாளுக்கு முன் இரண்டாவது முறையாகத் தாயை இழந்த குட்டிக்குப் பொருந்தாது. அதைப் பெற்ற பூனை படிக்கட்டோடு போயிற்று, ஊட்டிய கை காட்பாடியில் ரயில் ஏறிவிட்டது. அதனிடம் மிச்சம் இருப்பது குரல் ஒன்றுதான்.

குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போக வேண்டும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று வைத்து வடகலையாரும் தென்கலையாரும் சரணாகதியைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதாடியது இதை வைத்துத்தான். தத்துவத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். பூனைக்குட்டியால் பற்றிக்கொள்ள முடியாது, கூப்பிட மட்டும் முடியும் என்பதை அவர்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதிகம் மியாவ் சொல்வதில்லை. அது குட்டி தாயை அழைக்கும் ஒலி. மனிதரோடு வாழும் பூனை அதையே நம்மிடம் தொடர்கிறது. ஆகவே அது உங்களை எந்த இடத்தில் வைத்துக் கூப்பிடுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மீன் மார்க்கெட்டில் அது கத்தாமல் இருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இடம்தான்.

1940களின் கடைசியில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனைகளில் தனியாகக் கிடந்த சிறு குழந்தைகளை உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரை உடன் தங்க விடமாட்டார்கள். பார்க்க வருவதற்கே கட்டுப்பாடு. குழந்தை முதலில் கத்தும், கம்பியைப் பிடித்து உலுக்கும், கதவையே பார்க்கும். சில நாளில் அடங்கிவிடும். 'பழகிவிட்டது' என்று செவிலியர்கள் மகிழ்வார்கள். ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் அந்த அமைதியைப் பழக்கம் என்று ஏற்கவில்லை. குழந்தை நம்பிக்கை இழந்த நிலை அது என்றார்கள். அதற்கும் அடுத்த கட்டத்தில் அம்மா வந்து நின்றாலும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள் என்றால், உலகம் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டது என்று பொருள்.

பூனையையும் மனிதக் குழந்தையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பைக்குள் அது உறைந்து கிடந்தது பயத்தால்; பயந்த குட்டி எதுவும் அப்படித்தான் ஒடுங்கும். ஆனால் சத்தம் நின்றுவிட்டால் மனம் ஆறிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். அது இன்னும் வாய் திறந்து கூப்பிடுகிறது என்றால், யாராவது வருவார்கள் என்று இன்னும் எதிர்பார்க்கிறது. உங்கள் கைகால் நடுங்கியது ஏன் என்று கேட்டால், மூளை சொல்வதற்கு முன் அவை அதைப் புரிந்துகொண்டன என்பேன்.

இனி காரியத்துக்கு வருவோம். நான் மனநல ஆலோசகர், கால்நடை மருத்துவர் இல்லை. வயிறு இளகிப் போவதால் இந்தப் பதிலைப் படித்த கையோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடற்புழு இருந்தால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது, கத்தலும் அடங்காது. தடுப்பூசி போட வேண்டிய வயதும் இதுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எப்போது போடுவது என்பதையும் கேட்டு வாருங்கள். பசும்பாலை இன்றே நிறுத்துங்கள். பல பூனைகளுக்கு அது செரிக்காது, போக்குதான் வரும். வேகவைத்த கோழியோ முள் எடுத்த மீனோ, உப்பும் வெங்காயமும் பூண்டும் படாமல், ஒரு நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். குட்டிகளுக்கென்று விற்கும் தீனியும் சேர்ந்தால் நல்லது. காய்ச்சலோ வலியோ என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

இரவு பத்து மணிக்குக் கயிற்று நுனியை இழுத்துக் காட்டிக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கடைசி வேளைத் தீனி. வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் பூனையின் வரிசை. படுக்க ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நீங்கள் உடுத்திக் களைந்த பழைய நூல் புடவை, துவைக்காமல். மார்கழிக் குளிருக்கு, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓர் ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் அது விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். முந்தானையைச் சப்புவதைத் தடுக்க வேண்டாம். தாய்ப்பாலை முன்கூட்டியே இழந்த குட்டிகள் அப்படிச் செய்வதுண்டு. துணியைக் கடித்து விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? உங்கள் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில். கேலி செய்யவில்லை. அதற்கு வேண்டியது பக்கத்தில் மூச்சு விடும் ஓர் உயிர். அவருக்கோ மெஷினைக் கழற்றினால் எந்தத் தொல்லையும் இல்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். நீங்கள் அடுத்த அறையில் படுத்து நான்கு இரவாவது தூங்கியாக வேண்டும். பன்னிரண்டு இரவு தூங்காதவர் எதற்கு வேண்டுமானாலும் அழுவார்.

குளியலறைப் பரிசோதனையை மறுபடியும் செய்யாதீர்கள். நான்கு மணி நேரம் கத்தியபின் கதவைத் திறந்தீர்களே, அன்று அது என்ன கற்றுக்கொண்டது? நான்கு மணி நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்று. சில நாள் போவது, சில நாள் போகாமல் இருப்பது என்ற குழப்பம்தான் கத்தலை வலுவாக்கும். சீட்டாட்டத்தில் எப்போதாவது ஜெயிக்கிறவன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது போல. அது கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே நேரம் வைத்து மடியில் எடுங்கள். காலையில் காய் நறுக்கும்போது, மாலையில் வாசல் படியில் உட்காரும்போது என்று. கேட்காமலேயே கிடைப்பதற்குக் கத்த வேண்டியதில்லை. குளிக்கப் போனால் உள்ளிருந்து இரண்டு வார்த்தை பேசுங்கள், போதும். ஒரே இரவில் அடங்காது. ஆனால் இடைவெளிகள் நீளும்.

மாடிக்கு அதை விடாதீர்கள். புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. ஒரு கீறல்கூட ஆபத்து. அது மலஜலம் கழிக்கும் மணல் தட்டை நீங்களே தினமும் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். உங்களையே கீறினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் வாதம் வேண்டாம். பூனை கத்தாத வருடங்களிலும் உங்கள் மாடியிலிருந்து நான்கு பேர் போயிருக்கிறார்கள். பூனை கத்திய இந்தக் கார்த்திகையில்தான் பெரியவர் நடந்து இறங்கினார்.

இப்போது உங்களைப் பற்றி. மீட்டரைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு அக்கா. வருகிற ஒவ்வொருவருக்காகவும் மனம் உடைந்தால் அந்தத் தொழிலை ஒரு வருடம்கூட நடத்த முடியாது. ஆம்புலன்ஸ் பேசி, காகிதம் எடுத்துவைத்து, அறையைக் கழுவிவிட்டு மறுநாள் இன்னொருவருக்குச் சாவி கொடுத்தீர்கள். யாராவது அதைச் செய்தாக வேண்டும். மீட்டர் பார்க்கத் தெரியாத ஒரு குட்டி, போனவர்களைப் போனவர்கள் என்று விடாமல் அதே வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழைக்கிறது. இருபது வருடமாக நீங்கள் செய்யாததை அது செய்கிறது. உங்களுக்கும் அழுகை வந்தது, வரட்டும். குட்டி அடங்கிய பிறகும் உங்களுக்கு மட்டும் தூக்கம் திரும்பவில்லை, சோறு இறங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த வங்காளப் பெண்ணை நீங்களாகவே ஒருநாள் கூப்பிடுங்கள். அவள் குரலைக் குட்டிக்குக் கேட்க வைக்க வேண்டாம்; குரல் வந்து ஆள் வராமல் போனால் மறுபடியும் மாடிக்கு ஓடும். நீங்கள் பேசுங்கள். நன்றாக இல்லை, உன்னைத் தேடுகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். மார்க்கெட் விஷயத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

அந்தக் கட்டைப்பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையை வாங்கி, பையை மடித்து அதன் அடியில் விரித்து, இன்றைக்கே கூடத்தில் திறந்து வையுங்கள். ஒரு துண்டு மீனை அதன் வாசலில் வையுங்கள், அடுத்ததைக் கொஞ்சம் உள்ளே. கால்நடை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போய்வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள். அது பதிலுக்குக் கத்தினால் நல்லது.