வீடு கட்ட அரசுப் பணம்: கேளுங்க, சொல்றேன்

ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: குடிசையில் இருக்கிறோம். குடிசைக்குப் பதில் வீடு கட்ட அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் எங்களுக்குக் கிடைக்குமா சார்?

பட்டா இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள். புறம்போக்கில் குடிசை என்றால் இந்தத் திட்டத்தில் நடக்காது, தாசில்தாரிடம் பட்டாவுக்கு மனு கொடுப்பதுதான் வழி. தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் இப்போதே பெயர் மாற்றுங்கள், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். வீடு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம், தொகை மூன்றரை லட்சம்.

கேள்வி: பணம் மொத்தமாக வருமா?

வராது. பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம் என்று வேலை ஏற ஏறத்தான் தவணை ஏறும், அதுவும் அளந்து பார்த்த பிறகு. சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்திலேயே கொடுத்து அந்த விலையைக் கழித்துக்கொள்வார்கள். அதனால் ஆரம்பிக்கக் கைக்காசு வேண்டும். நான் பார்த்த ஒருவர் 'அப்படியே இன்னொரு ரூமும் போட்டுடலாம்' என்று 600 சதுர அடிக்குக் கடைக்கால் தோண்டினார், லிண்டலோடு காசு தீர்ந்தது. பழைய குடிசையை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. ஐப்பசி மழையில் சுவரெல்லாம் பாசி, குடும்பமே தார்ப்பாய்க்குள். கொடுத்த பிளானிலேயே கட்டுங்கள், ரூமை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாதச் சம்பளம் 35,000. 28 லட்சத்துக்கு ஃபிளாட், 20 லட்சம் லோன். மானியம் உண்டா அண்ணா?

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-வில் கேட்கலாம் தம்பி. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, லோன் 25 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை. முதல் 8 லட்சத்துக்கு 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையாக. பில்டர் இதை முன்பணத்தில் கழித்துக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது.

கேள்வி: மனைவி பெயரில் பதிந்தால் லாபமா?

10 லட்சம் வரையிலான சொத்தென்றால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும், ஏப்ரல் 2025 முதல்.

கேள்வி: கனவு இல்லம் பட்டியலில் பேர் சேர்க்க ஒருவர் 20,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. கிராம சபையில் எழுந்து பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், பேர் இல்லையென்றால் அங்கேயே மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.