67 ஏசியா, மதராஸில் சிக்கிய குறுங்கோள்: கேள்வி பதில்

வான்பித்தன்: இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யார்?

பதில்: 1861 ஏப்ரல் 17, மதராஸ் வானாய்வகம். கண்டவர் நார்மன் போக்சன், அங்கே அரசு வானியலாளராகப் பொறுப்பேற்ற அதே வருடம். குறுங்கோள் தேடலுக்குப் புகைப்படத்தை ஜெர்மன் வானியலாளர் மாக்ஸ் வோல்ஃப் கொண்டுவந்தது 1891இல்தான். அதுவரை தொலைநோக்கியில் வைத்த கண்ணும் விண்மீன் வரைபடமும் மட்டுமே. வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால் உடனே துள்ளக் கூடாது. வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீனாக இருக்கலாம், ஒளி கூடிக் குறையும் விண்மீனாகவும் இருக்கலாம். பக்கத்து விண்மீன்களை விட்டு அது நகர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்த பிறகே பேச்சு. ஆசியாவிலிருந்து கண்ட முதல் குறுங்கோள், அதனால் இந்தப் பெயர்.

நிலா67: கண்டுபிடித்த அன்றே பாதையும் தெரிந்திருக்குமே?

பதில்: தெரியாது. ஓர் இரவுப் பதிவை வைத்துப் பாதை சொல்பவரை நம்பாதீர்கள். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலிய வானியலாளர் பியாஸி, முதல் குறுங்கோளான சீரிஸைக் கண்டார். பிப்ரவரிக்குப் பின் அது சூரிய ஒளியில் மறைந்துபோக, கணித மேதை காஸ் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகே அந்த வருடக் கடைசியில் திரும்பக் கிடைத்தது. சூரியனிலிருந்து ஏசியாவின் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு 1 அலகு). அதன் முப்படிக்கு (2.42 × 2.42 × 2.42) வர்க்கமூலம் எடுங்கள்: ஒரு சுற்றுக்குச் சுமார் 3.77 வருடம். கெப்ளரின் மூன்றாம் விதி அவ்வளவுதான். செவ்வாய் இரண்டு முறை சுற்றவும் ஏறக்குறைய இதே காலம் ஆகும். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான், யாரும் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.

குமரன்_க: பூமியில் மோதுமா?

பதில்: மோதாது. சூரியனை நெருங்கும்போதே 1.97 அலகு தள்ளித்தான் போகிறது. நாம் இருப்பது 1இல்.

தென்றல்: மோதினால் என்ன ஆகும்?

பதில்: மேலே படியுங்கள்.

மதராசி: உண்மையில் கண்டவர் உதவியாளர் ரகுநாதாச்சாரி, பெயர் வெள்ளைக்காரருக்குப் போனது என்கிறார்களே?

பதில்: ஆதாரம்?

மதராசி: எல்லாரும் சொல்வதுதான்.

பதில்: அது ஆதாரமில்லை. ஏசியா போக்சன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அவர் மதராஸ் வருமுன்பே, 1856இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஐசிஸ் என்ற குறுங்கோளைக் கண்டவர். கை பழகிய ஆள். ரகுநாதாச்சாரிக்கு இரவல் பெருமை எதற்கு? ஆர் ரெடிகுலி என்னும் மாறொளி விண்மீனை 1867இல் கண்டவர் அவர். அது அவர் பெயரிலேயே இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

வான்பித்தன்: உதவியாளர் உழைப்பு பதிவேட்டில் வராது என்பதும் உண்மைதானே?

பதில்: உண்மை. இரவெல்லாம் அளந்தவர்கள் பலருடைய பெயர் வெளியே வரவில்லை. அதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். இல்லாத கண்டுபிடிப்பை ஒட்டவைக்காதீர்கள்.

தென்றல்: ஏசியா என் ராசிக்கு எப்படி?

பதில்: ஜோதிடரிடம் போங்கள்.

குமரன்_க: தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு எதுவும்?

பதில்: போக்சனே சாப்போ, சில்வியா என்று குறுங்கோள்களைக் கண்டு தொடர்ந்தார். 1988இல் காவலூர் வானாய்வகத்தில் கண்ட குறுங்கோள் 4130 ராமானுஜன்.

நிலா67: அது பூமியில் மோதுமா?

பதில்: மோதாது. அதுவும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பிரதான குறுங்கோள் பட்டையில்தான். அடுத்தவர்.