கவர்னர் மாளிகைகளும் தருமபுரிச் சீமையும்

கேள்வி இதுதான்: "வெள்ளைக்காரர் காலத்துக் கவர்னர்களுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மாளிகைகள்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அப்படி ஒன்றுமே இல்லையே, ஏன்?"

நான் தருமபுரிக்காரன். இங்கே மாளிகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மாளிகைகள் எழும்பிய கதையில் எங்கள் சீமைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆரம்பத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் கவர்னர்கள் சென்னைக் கோட்டைக்குள்தான் குடியிருந்தார்கள். காற்று வாங்க வெளியே ஒரு தோட்ட வீடு இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அதனால் 1753இல் திருவல்லிக்கேணி பக்கம் மெதெய்ரோஸ் என்ற அம்மாளின் வீட்டைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பிற்காலத்தில் கவர்மெண்ட் ஹவுஸ் என்று பேர் பெற்ற சென்னைக் கவர்னர் மாளிகைக்கு அதுதான் மூலம். அதுவரைக்கும் அது ஒரு வசதியான வியாபாரியின் வீடு, அவ்வளவுதான்.

எல்லாம் மாறியது திப்பு சுல்தானோடு நடந்த போர்களுக்குப் பிறகு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள், கம்பெனி கைக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஓசூர்ப் பக்கமும் போனது. அதே 1799இல் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி கல்கத்தாவில் புது மாளிகைக்கு வேலை தொடங்கினார். இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் ஹால் என்ற பிரபு மாளிகைதான் அதற்கு மாதிரி. 1803இல் வேலை முடிந்தது. செலவைப் பார்த்து லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கொதித்துப்போனார்கள். அந்தச் சமயம் அங்கே வந்திருந்த வாலன்ஷியா பிரபுவோ, இந்தியாவை அரண்மனையில் இருந்துதான் ஆள வேண்டும், கணக்குப்பிள்ளை அறையில் இருந்து அல்ல என்று வெல்லஸ்லிக்குப் பரிந்து எழுதினார். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதிலேயே இருக்கிறது. குடியிருக்க அவ்வளவு இடம் யாருக்கும் வேண்டியதில்லை. வியாபாரம் செய்ய வந்தவர்கள் ராஜாவாகிவிட்டோம் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

சென்னையிலும் அதே கதைதான். கவர்னர் எட்வர்ட் கிளைவ் பழைய வீட்டைப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு விருந்து மண்டபமும் கட்டினார். வரைபடம் போட்டவர் கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். 1802இல் திறந்த அந்த மண்டபத்தின் இரு முகப்புகளில், ஒன்றில் வங்காளத்தில் கம்பெனி வென்ற பிளாசிப் போரின் வெற்றிச் சின்னங்கள், மற்றதில் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிச் சின்னங்கள். இன்று அதற்கு ராஜாஜி மண்டபம் என்று பெயர். அந்த அகலமான படிக்கட்டில் நின்று மேலே பார்க்கும் எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும், நம் மண் கைமாறிய கதையைத்தான் சுதையில் பார்க்கிறார்.

சரி, அப்போது இங்கே யார் இருந்தார்கள்? பாரமகாலை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீடு, திருப்பத்தூரில் தங்கினார். அவருடைய உதவியாளர்களில் கிரஹாம் கிருஷ்ணகிரியில், மக்லியோட் சேலத்தில், தாமஸ் மன்றோ தருமபுரியில். மூவருமே படை அதிகாரிகள். மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். தோட்டம் போட்டார், ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, விவசாயிகளோடு உட்கார்ந்து தீர்வை பேசினார். ஜமீன்தார் நடுவில் இல்லாமல் உழுபவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த வேலையில்தான். அதில் குறைகள் உண்டு, வரியும் லேசானது அல்ல. ஆனாலும் ரெக்கார்டில் ஒவ்வொரு விவசாயியின் பெயரும் ஏறியது சின்ன விஷயம் இல்லை. கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போன பிறகும் பாரமகாலை நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதினார். அவர் பெயரில் ஒரு நினைவுத் தூண் தருமபுரியில் இருக்கிறது.

அந்த மன்றோதான் 1820இல் சென்னைக் கவர்னர் ஆனார். கிண்டித் தோட்ட மாளிகை அரசின் கைக்கு வந்தது அவர் காலத்தில், 1821இல். ஆனால் அவர் உயிர் போனது மாளிகையில் இல்லை. 1827இல் சுற்றுப்பயணத்தில், இன்றைய ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில், காலராவில் இறந்தார்.

இதற்கு நேர் எதிரான கதை ஊட்டி. தாது வருஷப் பஞ்சம் (1876-78) இந்தச் சீமையைச் சூறையாடியது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் குறைவு. இங்கே கஞ்சித் தொட்டி முன்னால் ஜனங்கள் விழுந்து செத்த அதே 1877இல், கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு ஊட்டியில் கோடை மாளிகை எழும்பத் தொடங்கியது. இதை எப்படி எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பக்கமும் ஒரு மாளிகை ஆசை எட்டிப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரி ஒன்றைக் கட்டினார். மனைவி கேட்டதால் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அது நிலைக்கவில்லை, பாழடைந்து போனது.

அப்புறம் ராஜாஜி. 1878இல் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில், கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்தவர். அந்தச் சின்ன ஓட்டு வீடு இப்போது அரசின் நினைவில்லம். அங்கே பிறந்தவர் 1947 ஆகஸ்டில் மேற்கு வங்க கவர்னராகி வெல்லஸ்லியின் அதே மாளிகைக்குள் போனார். 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகி டெல்லியில் 340 அறைகள் கொண்ட வைசிராய் மாளிகைக்கு (இன்றைய ஜனாதிபதி மாளிகை) போனார். வைசிராய்கள் படுத்த ஆடம்பர அறைகள் வேண்டாம் என்று விருந்தினர் பகுதியில் சில அறைகளை எடுத்துக்கொண்டார். அந்த அறைகளில் குடியிருப்பதே பின்னால் வந்த ஜனாதிபதிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. உணவுப் பஞ்ச காலத்தில் மாளிகை நிலத்தை உழுது கோதுமை விதைக்கவும் ஏற்பாடு செய்தார்.

திப்புவை வென்றதற்காகக் கட்டிய சென்னை மண்டபத்துக்கு, அந்தப் போரில் பறிபோன ஓசூர்ச் சீமையில் பிறந்தவரின் பெயரை வைத்தார்கள். 1972 டிசம்பரில் அவர் உடலையும் அங்கேதான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கிண்டித் தோட்டத்திலும் கவர்னருக்கு ஒரு பகுதிதான் மிச்சம். மற்றது தேசியப் பூங்கா, ஐஐடி, காந்தி மண்டபம் என்று பிரிந்துவிட்டது. ராஜாஜி நினைவாலயமும் அந்த நிலத்தில்தான் இருக்கிறது.