குறட்டை என்று நினைத்த மூச்சு

கேள்வி: ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் 'மௌனம்' நாவலை இரண்டு இரவுகளில் படித்தேன். சிறையிலிருக்கும் பாதிரியார், வெளியே காவலன் குறட்டை விடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கிறார். அது குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தவ விவசாயிகளின் முனகல் என்று தெரியவரும் இடத்தில் உடைந்துவிட்டேன். நோயில் கிடந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஐந்து மாதம் முன்பு, கடைசி இரவில், அவர் மூச்சைக் குறட்டை என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். இப்போது செபமாலையை எடுத்தாலே கை நடுங்குகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அம்மா. நாவல் அப்புறம். கடைசி நேரத்தில் தொண்டையில் கரகரவென்று வரும் மூச்சு, குறட்டை போலத்தான் கேட்கும். படுத்திருப்பவர் பெரும்பாலும் நினைவு தப்பியிருப்பார், பக்கத்தில் இருப்பவர்களைத்தான் அந்தச் சத்தம் வதைக்கும் என்பார்கள் மருத்துவர்கள். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மகள் அன்றைக்கு அயர்ந்து தூங்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் அம்மாவைக் கைவிடவில்லை.

சரி, நாவல். 1966-ல் அது வெளிவருவதற்கு முன், நாகசாகியில் எண்டோ ஒரு 'ஃபுமியே'யைப் பார்த்தார். கிறிஸ்தவர்களைக் கண்டுபிடிப்பதற்காக, மிதிக்கச் சொல்லித் தரையில் வைத்த திருவுருவம் அது. அதன் மரச்சட்டத்தில், மிதித்தவர்களின் கால்விரல் பட்டுப் பட்டுக் கறுத்த தடம் இருந்தது. அந்தக் கால்கள் யாருடையவை என்ற கேள்விதான் அவரை விடவில்லை. விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருந்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. நாவலில் வரும் கிச்சிஜிரோவை நினைத்துப் பாருங்கள். மிதிக்கிறான், காட்டிக்கொடுக்கிறான், பிறகு பாவமன்னிப்புக்காகப் பாவசங்கீர்த்தனம் கேட்டு மறுபடி வந்து நிற்கிறான். முதல் வாசிப்பில் எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. இப்போது எடுத்தால், அவன் வரும் பக்கங்களைத்தான் தேடிப் படிக்கிறேன்.

1542-ல் உங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார்தான் 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். பின்னால் அங்கே கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. 200 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பூசை வைக்கச் சாமியார் இல்லை. நாகசாகிப் பக்கத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் ஃபுமியேயை மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து, பாவத்துக்காக வருந்தி நாம் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் போன்ற ஒரு செபத்தைச் சொன்னார்கள். 1865-ல் அங்கே புதிதாகக் கட்டிய கோவிலுக்கு வந்து, பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்கள் அவர்களுடைய வாரிசுகள். வெளியே மிதித்தும் உள்ளே காத்தும் வந்த விசுவாசம் அது. நடுங்கும் கையோடு இன்னமும் செபமாலையைத் தேடுகிற உங்களிடம் அது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

செபம் வராவிட்டால் பரவாயில்லை, மாலையைச் சும்மா கையில் வைத்திருங்கள். ஆனால் அந்த இரவில் நடந்ததை வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூக்கம் சரியாக வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். புத்தகத்தை மறுபடி எடுப்பதானால் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது எடுங்கள்.

எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்.