துரு ஏன் திரும்பத் திரும்பப் பூக்கிறது?

வணக்கம் ஐயா. அப்பாவின் பெட்டியில் ரெக்கார்ட் கம்பெனியின் 04 நம்பர் பழைய இரும்பு இழைப்புளி கிடைத்தது. முழுக்கத் துரு. கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் போட்டதும் வெளுத்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தேன். மறுநாள் மஞ்சளாகப் பூத்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. பிளேடை ஏற்றி இறக்கும் பித்தளைத் திருகு இறுகிக் கிடக்கிறது. அயனி மரப் பலகையில் தள்ளினால், பிளேடு வெளிவரும் வாயில் சீவல் அடைக்கிறது. பட்டறையில் கொடுத்து அடியைக் கிரைண்டிங் செய்யலாமா?
வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

கிரைண்டிங் வேண்டாம். முதலில் உப்பை வெளியேற்றுங்கள். நீங்கள் ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைத்துவிட்டு, இரும்பின் குழிகளில் குளோரைடை விட்டுப்போகும். அது ஈரத்தை இழுத்து மறுபடி துருவாக்கும். கடலோரக் கிணற்று நீர் கரித்தால் அலசுவதும் உப்பேற்றும் வேலைதான்.

எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து இரும்புப் பாகங்களை மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நாரால் தேயுங்கள். பித்தளையைக் கூடப் போட்டால் செம்பு கரைந்து இரும்பில் படியும். பிறகு சலவைச் சோடா கரைத்த மழைத்தண்ணீரில் இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி. இழைப்புளியின் நீலப் பூச்சு கொஞ்சம் உரியலாம், பாதகமில்லை. கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். உடனே வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, சூடு ஆறுமுன் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள்.

பித்தளைத் திருகுக்கு இடது மரை. பின்னாலிருந்து பார்த்து வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மண்ணெண்ணெயில் இரவு ஊறட்டும். பிளையர் போட்டால் பல் மழுங்கும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிளேடின்மேல் படுத்திருக்கும் தகடு. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முன்விளிம்பில் ஒளி தெரிந்தால் அந்தச் சந்தில்தான் சீவல் நுழைந்து அடைக்கிறது. தகட்டின் பின்முனையைக் கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்திப் பிடித்து, முன்விளிம்பின் அடியை மட்டும் ஆயில் ஸ்டோனில் தேயுங்கள். பிளேடின் தட்டைப் பக்கமும் நுனியருகே சமமாக இருக்கவேண்டும். அயனியில் ரேகை முன்னும் பின்னுமாக ஓடும் என்பதால் தகட்டை நுனிக்கு நெருக்கி வையுங்கள். பிளேடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் போதும். அவ்வளவு நெருக்கினால் வாய் குறுகலாக இருக்கக்கூடாது; பிளேடு சாயும் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

அடி முழுக்கச் சமமாகவேண்டியதில்லை. முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் இழைக்கும். பிளேடை உள்ளிழுத்து, ஆனால் இறுக்கிய நிலையில், கிரானைட் பலகையில் ஒட்டிய 80 நம்பர், பிறகு 120 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். இறுக்கத்தில் இரும்பு மெல்ல வளையும் என்பதால் கழற்றிவைத்துத் தேய்த்தால் பயனில்லை. மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டால் எங்கே தேய்கிறது என்று தெரியும். பக்கங்களைக் கண்ணாடிபோல் மினுக்கும் காணொளிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பலகைக்கு அது தெரியாது.

வேலைக்கு முன் அடியில் மெழுகுவர்த்தியை ஓர் இழுப்பு. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவம் என்பதால் ஜூனிலும் அக்டோபரிலும் ஒருமுறை கழற்றி எண்ணெய் போடுங்கள். செய்தித்தாளில் சுற்றி வைக்கவேண்டாம், ஈரம் பிடித்துக்கொள்ளும்.