எலிப்பாதை

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் பெண்களுக்கென்று தனி நெறிமுறை எதற்கு? வரி குறைந்தால் எல்லோருக்கும்தானே குறைகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள்: கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 2005இல் சுங்க ஒன்றியம் தொடங்கின, 2010க்குள் தங்களுக்குள் விளைந்த பொருளுக்கு வரியை அநேகமாக எடுத்துவிட்டன. சரி, அப்படியென்றால் கென்யா-உகாண்டா நடுவில் உள்ள புசியா எல்லையில் தக்காளிக் கூடையோடு வருகிற பெண் ஏன் சாவடியைச் சுற்றிக்கொண்டு 'பன்யா' வழியாகப் போகிறார்? சுவாஹிலியில் பன்யா என்றால் எலி. அந்தக் குறுக்குவழிகளுக்கு அங்கே அதுதான் பெயர்.

வரிவிலக்கு வேண்டுமென்றால் பொருள் எங்கே விளைந்தது என்று சான்று காட்ட வேண்டும். 2000 டாலருக்குள் இருந்தால் எல்லையிலேயே எளிய சான்று தருவார்கள், ஆனால் பொருள் அந்த நாடுகள் பேசி ஒத்துக்கொண்ட பொதுப் பட்டியலில் இருக்க வேண்டும், காய்கறிக்குச் சுகாதாரச் சான்று வேறு. இப்படி ஒரு சான்று இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் நிற்கும் ஆளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவது சுலபம், அதைவிடச் சுலபம் எலிப்பாதை. அங்கே மிரட்டினாலோ கைவைத்தாலோ புகார் கொடுக்க முடியாது, தான் போனதே தப்பு வழி.

2020 கொரோனாவில் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பல எல்லைகளில் சரக்கு லாரி போகலாம், ஆள் நடந்து கடக்கக் கூடாது என்றார்கள். தலையில் சுமக்கிறவருக்குச் சரக்கும் ஆளும் ஒன்றுதானே! உத்தரவு போட்டவர்கள் பெண்களை ஒதுக்க நினைத்திருக்க மாட்டார்கள், அவர்கள் மனதில் இருந்த வியாபாரி லாரிக்காரர், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற பெண்கள், இளைஞர் வணிக நெறிமுறை தேவைப்படுவது இதனால்தான். ஆனால் உள்நாட்டில் மகளிர் அமைச்சகத்தின் கொள்கை கடன், பயிற்சி என்று பேசும், வணிக அமைச்சகத்தின் கொள்கை கன்டெய்னர் பற்றிப் பேசும், இரண்டும் சாவடியில் சந்திப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பொதுப் பட்டியலைப் பேசி முடிக்கும் மேசையில் மகளிர் அமைச்சகத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும், எல்லாம் முடிந்தபிறகு கையெழுத்துக்கு அனுப்புவதில் பிரயோஜனமில்லை. அப்புறம் சுங்கப் படிவத்தில் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம், உடல் சோதனைக்குப் பெண் அதிகாரி.

கூடை சுமக்கிற ஆண்களுக்கும் இதில் பாதி பயன்படும். படட்டுமே.